நான் ஓட்டாத வண்டிக்கு நான் ஏன் கட்ட வேண்டும்?

இரவு ஒன்பதரை மணி. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருக்கிறேன். செல்பேசியில் ஒரு குறுஞ்செய்தி. வண்டி எண், ஏதோ ஒரு சந்திப்பின் பெயர், சீட் பெல்ட் அணியவில்லை, அபராதம் ஆயிரம் ரூபாய். எண்ணைப் பார்த்தேன். என் பழைய காரின் எண். அந்தக் காரை ஏழு மாதத்துக்கு முன்பே திருச்சியில் விற்றுவிட்டேன். பணத்தை எண்ணி வாங்கி, இரண்டு சாவிகளையும் கொடுத்து, முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த பிள்ளையாரை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தவன் நான். சலான் வந்திருந்த ஊரோ இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால். அந்த ஊருக்கு நான் போயே பல வருடம் ஆகிறது.

“ஆயிரம் ரூபாய்தானேங்க, கட்டிருங்க. எதுக்கு வம்பு?” என்றார் மனைவி. கட்டினேன். கட்டி முடித்ததும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம் இரண்டாவது சலான், சிக்னல் மீறல். இருபதே நாளில் மூன்றாவது, அதிவேகம். அப்போதுதான் உறைத்தது. முதல் ஆயிரத்தைக் கட்டியபோது, ‘ஆமாம், இது என் வண்டி, இது என் குற்றம்’ என்று நானே கைநாட்டு வைத்திருக்கிறேன். எவனோ ஒருவன் சாலையில் செய்ததற்கெல்லாம் என் பெயரை வாடகைக்கு விட்டிருக்கிறேன்!

நண்பர்களே, ‘எதுக்கு வம்பு’ என்ற இரண்டு சொற்களைப் போல நம் முதுகெலும்பைத் தின்ற கரையான் வேறு இல்லை. அநியாயமாக ஒரு காகிதம் வந்தால் எதுக்கு வம்பு. கவுன்ட்டரில் ஒருவர் நிமிர்ந்து பார்க்காமல் பேசினால் எதுக்கு வம்பு. காக்கிச் சட்டை, கறுப்பு அங்கி, கறுப்பு மை முத்திரை எதைப் பார்த்தாலும் எதுக்கு வம்பு. ஊரில் பத்துப் பேருக்கு யோசனை சொல்கிறவர், மேடை ஏறினால் முழங்குகிறவர், ஓர் அரசு அலுவலகத்தின் ஜன்னலுக்கு முன்னால் நின்றதும் குரல் கம்மிப் போகிறாரே, ஏன்? செய்யாத குற்றத்தைச் செய்யவில்லை என்று சொல்வதற்கு எதற்கு இவ்வளவு நடுக்கம்?

நடுக்கத்துக்குக் காரணம், எதிரே நிற்பது என்னவென்று தெரியாததுதான். அதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் அங்கேயே விழுந்துவிடும். ஆகவே சட்டத்தைக் கொஞ்சம் பார்ப்போம். கசந்தாலும் பார்ப்போம்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ‘உரிமையாளர்’ என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்கிறது. யார் பெயரில் வண்டி பதிவாகி இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். பணம் கொடுத்தவரோ, சாவி வைத்திருப்பவரோ, தினமும் ஓட்டுகிறவரோ அல்ல. அதே சட்டத்தின் 50-ஆவது பிரிவு, விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதற்கான காகிதம்தான் படிவம் 29. வாங்கியவர் 30 நாட்களுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அது படிவம் 30. நாம் என்ன செய்கிறோம்? “29, 30-ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்கண்ணே, பேர் மாத்தம் நான் பாத்துக்கறேன்” என்று புரோக்கர் சொன்னதும், தேதிகூட இல்லாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். நானும் அப்படித்தான் போட்டேன். அந்தப் படிவம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகவே இல்லை. வண்டி மூன்று கை மாறியிருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

இது அபராதத்தோடு நிற்கிற காரியமும் அல்ல. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்பு சொன்னது. விற்கப்பட்டு, மறுபடி விற்கப்பட்டு, கை மாறிக்கொண்டே போன ஒரு கார் விபத்தில் சிக்கியது. நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு யார்? பதிவில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே என்றது நீதிமன்றம். பாதிக்கப்பட்டவர், வண்டி யார் யார் கைக்குப் போனது என்று துரத்திக்கொண்டு அலைய முடியாது என்பது அதன் நியாயம். 2019 திருத்தத்தில் வந்த 199-ஏ பிரிவு இன்னும் கடுமை. பதினெட்டு வயது நிரம்பாத பையன் ஒருவன் வண்டியை எடுத்து ஓட்டிக் குற்றம் செய்தால் அவன் பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, நடக்காமல் தடுக்க உரிய கவனம் எடுத்தேன் என்றோ நிரூபித்தால்தான் தப்பலாம். நீங்கள் முகம்கூடப் பார்த்திராத ஒரு வீட்டின் பையனுக்காக நீங்கள் போய் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும்!

இதைப் படித்துச் சோர்ந்துபோகாதீர்கள். சோர்வதற்காகச் சொல்லவில்லை, எழுந்து நிற்பதற்காகச் சொல்கிறேன். இந்த விஷயத்தில் நம் பக்கம் ஒரு தவறு இருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறவனுக்குத்தான் மற்றதை மறுக்கும் துணிச்சல் வரும். 14 நாளில் தெரிவிக்காதது என் தவறு. சிக்னலைத் தாண்டியது என் குற்றம் அல்ல. தவறு வேறு, குற்றம் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவன்தான் கூனிக் குறுகி எல்லாவற்றுக்கும் பணம் கட்டுகிறான். பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன் நிமிர்ந்து பேசுகிறான்.

கண்ணகியைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் அவள் கோபத்தையே பேசுகிறோம். எனக்கு அவள் கையில் இருந்த இன்னொரு சிலம்புதான் பெரிதாகத் தெரிகிறது. பாண்டியன் அவைக்கு அவள் கண்ணீரோடு போனாள். ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று மன்னன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு, அவன் வரவழைத்து முன்னால் வைத்த தன் சிலம்பை உடைத்தாள். தெறித்தது மாணிக்கம். வழக்கு அங்கே முடிந்துவிட்டது. அவள் அழுகைக்கு அசையாத அரியணை அவள் காட்டிய சான்றுக்கு அசைந்தது. அந்த மண்ணில் பிறந்த நாம், வண்டியை ஒப்படைத்ததற்கு அத்தாட்சியாக அலமாரியில் கிடக்கும் ஒரு டெலிவரி நோட்டை எடுத்துக்கொண்டு போகக் கூச்சப்படலாமா?

மூன்றாவது சலான் வந்த இரவு நான் அலமாரியைக் கொட்டினேன். இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள், உங்களுக்கும் நாளை தேவைப்படும். முதலில் கிடைத்தது டெலிவரி நோட். வண்டியை ஒப்படைத்த தேதி, மாலை 5 மணி என்று நேரம், அந்த நேரத்திலிருந்து வண்டியால் வரும் வழக்கு, விபத்து, அபராதம் எல்லாம் வாங்கியவர் பொறுப்பு என்ற வாசகம், அவர் கையெழுத்து, அவர் ஆதார் நகல். அந்த வாசகம் அரசாங்கப் பதிவை மாற்றிவிடாது. ஆனால் அன்றைக்குப் பிறகு வண்டி என் கையில் இல்லை என்பதற்கு அதைவிடப் பேசும் காகிதம் இல்லை. அடுத்தது வங்கிப் புத்தகம். விற்ற பணம் கணக்கில் ஏறிய நாள் அதில் அச்சாகி இருந்தது. மூன்றாவதாக, காப்பீட்டு நிறுவனத்தில் நான் வாங்கியிருந்த நோ கிளைம் போனஸ் கடிதம். பழைய வண்டியை விற்ற ஆதாரம் காட்டித்தான் அதை வாங்க முடியும். ஆகவே அதுவும் தேதியோடு ஒரு சாட்சி. புரோக்கரோடு வாட்ஸ்அப்பில் பேசியதையும் அச்செடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி ஒரு ஃபைலில் போட்டபோது என் கை நடுக்கம் நின்றிருந்தது.

பிறகு இ-சலான் தளத்தில், சலானோடு இருந்த புகைப்படத்தைத் திறந்து பார்த்தேன். பயத்தில் அதுவரை நான் அதைப் பார்க்கவே இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருப்பவர் வேறொருவர்! இடம், தேதி, நேரம் எல்லாம் படத்திலேயே இருக்கின்றன. என்னைக் குற்றவாளி என்று சொல்ல வந்த காகிதமே எனக்குச் சாட்சி சொல்ல வந்து நிற்கிறது. உங்களுக்கு வரும் சலானில் படம் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். பணம் கட்டும் பொத்தானை அழுத்த விரலை நீட்டாதீர்கள்.

மறுநாள் ஆர்.டி.ஓ. அலுவலகம். “சார், சிஸ்டத்துல உங்க பேர்தான் காட்டுது. நாங்க என்ன பண்றது?” என்றார் இருக்கையில் இருந்தவர். பழைய நானாக இருந்தால் அங்கேயே திரும்பியிருப்பேன். “சிஸ்டத்துல இருக்கறத மாத்தத்தான் சார் வந்திருக்கேன். படிவம் 29 ரெண்டு பிரதி கொண்டு வந்திருக்கேன், தாமதம் என் தவறு, அதுக்கு உள்ள கட்டணத்த கட்டறேன். வாங்கிட்டு முத்திரை வெச்சுக் குடுங்க” என்றேன். குரல் உயரவில்லை. கால் நகரவும் இல்லை. மூன்று நாள் அலைந்தேன். அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். ஒரு பிரதி வாங்கியவருக்கு, ஒரு பிரதி போக்குவரத்துக் காவல் துறைக்கு. வாயால் சொன்னது காற்றில் போய்விடும். சிவப்புக் கையெழுத்தோடு திரும்பி வந்த அந்த ஒப்புகை அட்டை இன்றும் என்னிடம் இருக்கிறது.

இரண்டு சலான்கள் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. அதில் இரண்டே வழி: அபராதம் கட்டுகிறேன், அல்லது வழக்கை எதிர்கொள்கிறேன். இரண்டாவதைத் தேர்ந்தால் அந்த ஊர் நீதிமன்றத்துக்கு நேரில் போக வேண்டும். “போக வர பஸ் செலவு, ஒரு நாள் லீவு, இதெல்லாம் சேர்த்தா அபராதத்தைவிட அதிகம் ஆகுமேப்பா” என்றார் நண்பர். கணக்கு சரிதான். ஆனால் அவர் ஒன்றைக் கணக்கில் சேர்க்கவில்லை: நான் செய்யாததைச் செய்ததாக ஒத்துக்கொண்டு, அதற்குப் பிறகு என் பிள்ளையிடம் ‘உண்மையைத் தைரியமாகச் சொல்லுடா’ என்று எந்த முகத்தோடு சொல்வேன்? அதிகாலை நாலரை மணி பஸ்ஸில் ஏறினேன்.

நீதிமன்றத்தில் என் பெயரைக் கூப்பிட்டபோது இதயம் அடித்துக்கொண்டதை மறைக்க மாட்டேன். தைரியசாலிக்கும் இதயம் அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளும்போதே அவன் முன்னால் நடக்கிறான். ஃபைலைக் கொடுத்தேன். நீதித்துறை நடுவர் ஒவ்வொரு காகிதமாகப் புரட்டினார். “விற்றதும் ஏன் தெரிவிக்கவில்லை?” என்று கேட்டார். “என் தவறு ஐயா. இப்போது தெரிவித்துவிட்டேன், முத்திரை வைத்த பிரதி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்தச் சிக்னலில் வண்டி ஓட்டியது நானில்லை. படத்தில் இருப்பவரும் நானில்லை” என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. என் மீதான இரண்டும் கைவிடப்பட்டன. வாசலில் டீ குடித்தேன். அப்படி ஒரு டீயை நான் அதற்கு முன்பும் பின்பும் குடித்ததில்லை.

எல்லா வழக்கும் இப்படியே முடியும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பதிவில் உங்கள் பெயர் இருக்கும் வரை சட்டம் உங்களைத்தான் முதலில் கேட்கும். அதனால்தான் அபராதத்தோடு மட்டும் மல்லுக்கு நிற்காமல் பதிவையும் மாற்றுங்கள் என்று அடித்துச் சொல்கிறேன். கிளையை வெட்டிக்கொண்டே இருந்தால் மரம் துளிர்த்துக்கொண்டேதான் இருக்கும்.

இனி விற்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சில சொற்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விற்பது அங்கீகாரம் பெற்ற பழைய வாகன வியாபாரியிடம் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, படிவம் 29-சி மூலம் வண்டியை ஒப்படைத்ததை இணையத்திலேயே தெரிவிக்கலாம். அதன் பிறகு பெயர் மாறும் வரை அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். வியாபாரி எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் இந்தப் படிவத்துக்கான ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள். ஃபாஸ்டேகை அன்றே மூடிவிடுங்கள், இல்லையென்றால் எவரோ தாண்டும் சுங்கச்சாவடிக்கெல்லாம் உங்கள் கணக்கில் பணம் போகும். வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டிக்குத் தடையில்லாச் சான்று தனி. ஆர்.சி.யில் புதுப் பெயர் ஏறியதை உங்கள் கண்ணால் பார்க்கும் வரை டெலிவரி நோட்டைக் கிழிக்காதீர்கள்.

நான் பயந்து கட்டிய அந்த முதல் ஆயிரம் ரூபாய் எனக்குத் திரும்பி வரவே இல்லை.

நீங்கள் எப்போதாவது ஒரு வண்டியை விற்றிருக்கிறீர்களா? பத்து வருடத்துக்கு முன்பு கைமாற்றிய ஸ்கூட்டராக இருந்தாலும் சரி, இந்தப் பக்கத்தை மூடியதும் அதன் எண்ணை அரசின் பரிவாகன் தளத்தில் தட்டிப் பாருங்கள். பெயரின் நடுவே நட்சத்திரக் குறிகள் இருந்தாலும் உங்கள் பெயரை உங்களுக்கு அடையாளம் தெரியும். அது இன்னும் உங்கள் பெயர்தான் என்றால், படிவம் 29-ஐ இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, நாளைக் காலை அலுவலகம் திறக்கும்போது முதல் ஆளாக அந்த ஜன்னலுக்கு முன்னால் நில்லுங்கள்.