கேட்பவரின் தர்மம்

ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்கு, அவனுடைய சுதந்திரத்துக்குப் பங்கம் நேராமல், நன்மை செய்ய முடியுமா என்பது சமயவாதிகளும் தத்துவ ஞானிகளும் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கும் வினா. உபதேசம் செய்தால், கேட்டவன் நம் புத்தியைக் கடன் வாங்கிக்கொண்டு போகிறான். சும்மா இருந்துவிட்டாலோ, அவன் இடறி விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற பாவம் நம்மைச் சேர்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்ற நம்பிக்கையின் மீது சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு தொழில் எழுந்து, இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. பெரிய கம்பெனிகளின் தலைவர்களும், ஆஸ்பத்திரி, கல்லூரி முதலிய ஸ்தாபனங்களின் நிர்வாகிகளும் குறித்த நாளில் ஒருவரோடு தனித்து அமர்ந்து ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். அந்த ஒருவர் ஆலோசனை சொல்வதில்லை, பாடம் நடத்துவதில்லை, செவிமடுக்கிறார், கேள்வி கேட்கிறார், பெரும்பொழுது பேசாதிருக்கிறார். அவரைக் கோச் என்று அழைக்கிறார்கள். இதை வியாபார உலகத்தின் நூதன மோகம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் மனித ஆத்மாவைப் பற்றிய ஒரு சித்தாந்தம் இந்தத் தொழிலின் அடியில் கிடக்கிறது. அதை எடுத்துப் பார்க்காமல் போற்றுவதும் பிழை, தூற்றுவதும் பிழை.

இதன் பூர்வோத்தரம் டென்னிஸ் மைதானத்தில் தொடங்குகிறது. ஹார்வர்டு சர்வகலாசாலையின் டென்னிஸ் குழுவுக்குத் தலைவராக இருந்த திமொத்தி கால்வே என்பவர், பின்னாளில் பிறருக்கு ஆட்டம் கற்பிக்கையில், தாம் சொல்லும் திருத்தங்கள் கூடக்கூட மாணவரின் ஆட்டம் கெடுவதைக் கவனித்தார். ஆகவே திருத்தங்களை நிறுத்திவிட்டு வேறொன்று செய்தார். பந்து தரையில் பட்ட கணத்தில் 'துள்ளல்' என்றும், மட்டையில் பட்ட கணத்தில் 'அடி' என்றும் வாய்விட்டுச் சொன்னால் போதும், வேறெதையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். 'மணிக்கட்டை மடக்காதே, காலை முன்னே வை' என்று உள்ளிருந்து ஓயாமல் அதட்டிக்கொண்டிருந்த குரலுக்கு இப்போது வேலை இல்லாமல் போய்விட்டது. கண் பந்திலேயே நின்றது. உடம்பு தனக்குத் தெரிந்ததைத் தானே செய்தது. மனிதனுக்குள் கட்டளையிடும் ஒருவனும் காரியம் செய்யும் ஒருவனுமாக இருவர் இருக்கிறார்கள் என்றும், முன்னவன் ஓய்ந்தால் பின்னவன் நன்றாகச் செய்கிறான் என்றும் 1974-இல் வெளிவந்த தமது 'தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்' என்ற நூலில் அவர் எழுதினார். அவர் இந்தியத் தியான மார்க்கம் ஒன்றில் ஈடுபட்டிருந்தவர் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் கொள்கை வியப்பளிக்காது. கார்ப் பந்தய வீரராக இருந்து 1965-இல் ஐரோப்பியப் பட்டம் வென்ற ஜான் விட்மோர், கால்வேயிடம் கற்றதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், மைதானத்திலிருந்து நிர்வாகிகளின் அறைக்குள் அதைக் குடியேற்றினார். எதை அடைய விரும்புகிறாய், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழிகள் உள்ளன, எதைச் செய்வதாக உறுதிகொள்கிறாய் என்று நான்கு படியாக விசாரிக்கும் முறை, அவர் 1992-இல் வெளியிட்ட நூலின் மூலம் பெரிதும் பரவியது.

மற்றொரு ஊற்று மனோதத்துவத்திலிருந்து வந்தது. கார்ல் ராஜர்ஸ், மனநோய்க்கு ஆலோசனை கூறும் துறையில் புகுமுன், நியூயார்க்கில் கிறிஸ்தவ குருமார்களைப் பயிற்றும் கலாசாலையில் இரண்டாண்டு படித்தவர். மதபோதகராகும் எண்ணத்தை அவர் கைவிட்டார். ஆனால் எதிரே இருக்கும் மனிதனை அவனுடைய குற்றங்குறைகளோடு, நிபந்தனை ஏதுமின்றி ஏற்றுக்கொண்டாலொழிய அவனிடம் மாறுதல் பிறக்காது என்று அவர் பிற்காலத்தில் வற்புறுத்தியபோது, பழைய தேவாலயத்தின் ஒலி அதில் முற்றிலும் மறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த ஊற்றுகளெல்லாம் கலந்து பெருகிய பின், 1995-இல் அமெரிக்காவில் கோச்சுகளுக்கென்று ஒரு சர்வதேச சம்மேளனம் நிறுவப்பட்டது. கோச் ஒருவரிடம் இருக்க வேண்டிய எட்டுத் திறமைகளை அது இன்று வகுத்து வைத்திருக்கிறது. அதன் மிக உயர்ந்த தகுதிப் பத்திரத்துக்கு விண்ணப்பிப்பவர் 2500 மணி நேரம் இந்தப் பணியைச் செய்திருக்க வேண்டும் என்கிறது.

அந்த எட்டையும் இங்கே எடுத்துரைக்கத் தேவையில்லை. கேட்டல் என்ற ஒன்றை மட்டும் சற்று அருகில் நின்று பார்ப்போம். நிர்வாகி ஒருவர் வந்து உட்கார்ந்து, 'எனக்குக் கீழே உள்ளவர்கள் எதற்குமே பொறுப்பேற்க மாட்டேன் என்கிறார்கள். எல்லாக் கோப்பும் கடைசியில் என் மேஜைக்குத்தான் வருகிறது' என்று மனம் நொந்து சொல்வதாக வைத்துக்கொள்வோம். நண்பரானால் உடனே ஆறுதல் சொல்லியிருப்பார். ஆலோசகரானால் அதிகாரப் பகிர்வுக்கு ஒரு திட்டம் வரைந்து கொடுத்திருப்பார். கோச் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, 'கடைசியாக அவர்களில் ஒருவர் தாமாகவே முடிவெடுத்துக்கொண்டு வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று வினவுகிறார். 'திருத்தினேன்' என்று பதில் வருகிறது. 'முடிவு தவறாக இருந்ததா?' அறையில் மௌனம் நீள்கிறது. கோச் அந்த மௌனத்தை நிரப்ப முயலாமல் காத்திருக்கிறார். 'தவறில்லை... நான் செய்திருக்கக்கூடிய மாதிரியில் இல்லை, அவ்வளவுதான்' என்று நிர்வாகி மெல்லச் சொல்லி, தாம் சொன்னதைத் தாமே கேட்டுத் திடுக்கிடுகிறார்.

இந்தத் தொழிலின் வித்தை முழுவதும் அந்த மௌனத்தில்தான் இருக்கிறது என்பேன். கெட்டிக்காரனுக்கு அது மிகவும் கஷ்டம். விடை தனக்குத் தெரியும் என்ற நினைப்பு நாக்கின் நுனியில் வந்து நின்று துடிக்கும்போது அதை விழுங்கிவிட்டு, எதிரே உள்ளவருக்குள் விளைகிறதற்காகக் காத்திருப்பது அகங்காரத்தை அடக்கும் சாதனையன்றி வேறென்ன? 'இப்படிச் செய்து பார்த்தால் என்ன?' என்பது இலக்கணப்படி வினாவாக இருந்தாலும் உள்ளே உபதேசமே. அனுபவம் முதிர்ந்த கோச்சுகள் இதை அறிந்து அஞ்சுகிறார்கள். உண்மையான கேள்வி, எதிரே உள்ளவர் சற்று முன் உச்சரித்த சொல் ஒன்றிலிருந்து முளைத்து, கேட்பவருக்கே விடை தெரியாத கேள்வியாக இருக்கும்.

இதுவரையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாறாக, மிகுந்த மரியாதை உண்டு. ஆட்சேபம் இதற்கு அடியில் உள்ள சித்தாந்தத்தில் எழுகிறது. 'விடை உனக்குள்ளேயே இருக்கிறது' என்று இந்தத் தொழில் நம்புகிறது. ஞானம் வெளியிலிருந்து கொண்டுவரப்படுவது அன்று, உள்ளே இருப்பதன் மீது படிந்த திரையை நீக்குவதே ஞானம் என்று வேதாந்தமும் சொல்லுகிறபடியால், நம்மவர்க்கு இந்த வாக்கியம் காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் வேதாந்தம் உள்ளே இருப்பதாகச் சொன்னது ஆத்மாவை, ஆசையை அன்று. காமமும் குரோதமும் உள்ளேதான் இருக்கின்றன. உள்ளிருந்து எழும் குரல் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்புக் கொடுத்து, 'நீ விரும்புவது எதுவோ அதை அடைய உனக்கு உதவுகிறேன்' என்பவர், விரும்பப்படும் பொருள் நல்லதா என்ற விசாரணையை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போகிறார். கீதையில் கண்ணன் பதினெட்டாம் அத்தியாயத்தில் தன் உபதேசத்தை முடிக்கும் தறுவாயில், இதையெல்லாம் முழுதும் ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்று பார்த்தனிடம் முடிவை ஒப்படைத்துவிடுகிறான். அந்தச் சுதந்திரம் மகத்தானது. ஆயினும் அது ஆராய்ச்சிக்குப் பின்னால் தரப்பட்டது, அதற்குப் பதிலாகத் தரப்பட்டதன்று.

அரசியல் தலைமைக்கு ஆயத்தமான ஒருவனைக் கேள்விகளாலேயே பக்குவப்படுத்த முயன்ற மிகப் பழைய சித்திரம் கிரேக்கத்தில் இருக்கிறது. 'ஆல்சிபியாடிஸ்' என்ற பெயரில் பிளேட்டோவின் நூல்களோடு சேர்ந்து வழங்கும் சம்பாஷணை அது. அவரே எழுதியதுதானா என்று அறிஞர்கள் ஐயுறுகிறார்கள், அது நிற்க. தந்தையைப் போரில் இழந்து, ஆதென்ஸ் நகரத்தின் முதல்வராகிய பெரிக்கிளீஸின் பாதுகாப்பில் வளர்ந்த ஆல்சிபியாடிஸ், இன்னும் இருபது வயது நிரம்பாதவன், அழகன், செல்வன், இன்னும் சில நாளில் மக்கள் சபையில் ஏறிப் பேசப் போகிறவன். சாக்ரடீஸ் அவனை வழிமறித்து, எந்த விஷயத்தில் மக்களுக்கு யோசனை சொல்லப் போகிறாய் என்று கேட்கிறார். யுத்தமும் சமாதானமும் பற்றி என்கிறான். யாரோடு யுத்தம் செய்வது நியாயம் என்று தெரிய வேண்டுமல்லவா, அந்த நியாயத்தை யாரிடம் கற்றாய், கற்காவிட்டால் எப்போது தேடினாய், தேடியிருந்தால் உனக்குத் தெரியாது என்று நீ உணர்ந்த காலம் ஒன்று இருந்திருக்க வேண்டுமே, அது எப்போது? கேள்விமேல் கேள்வியாக அவர் நெருக்க நெருக்க, தான் என்ன சொல்கிறோம் என்பதே தனக்கு விளங்கவில்லை என்று அந்த இளைஞன் ஒப்புக்கொள்கிறான்.

இன்றைய கோச்சிங்குக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். சாக்ரடீஸ் தேடி எடுத்தது உள்ளே இருந்த விடையை அன்று, உள்ளே இருந்த அறியாமையை. தெரியாததைத் தெரிந்ததாக எண்ணுவதே கேடுகளில் பெரிய கேடு என்று அவனுக்குச் சொல்லவும் அவர் தயங்கவில்லை. பின்னர், கண் தன்னைத் தான் காண வேண்டுமானால் மற்றொரு கண்ணின் பாவையில்தான் பார்க்க வேண்டும், அதுபோல ஆத்மாவும் மற்றோர் ஆத்மாவில், அதிலும் அதன் ஞானம் குடிகொண்ட பகுதியில், பார்த்தே தன்னை அறிய முடியும் என்கிறார். கோச் என்பவரின் லட்சியத்தை இதனினும் நன்றாக யாரும் சொல்லியதாக நான் அறியேன். பார்க்கத் தரும் கண் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கிய கண்ணில் எந்த உருவமும் தோன்றாது. இன்னோர் இடத்தில் தம்மை மருத்துவச்சிக்கு ஒப்பிட்ட அவர், பிறந்த எண்ணம் உயிருள்ள சிசுவா வெறும் மாயத்தோற்றமா என்று சோதிப்பதே தமது தொழிலின் தலையாய பகுதி என்றார். பிரசவம் பார்ப்பதை இக்காலத்தவர் விரும்பி ஏற்றுக்கொண்டு, சோதிப்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

அந்தச் சம்பாஷணையின் முடிவில் இனி நியாயத்தைப் பேணுவேன் என்று ஆல்சிபியாடிஸ் வாக்களிக்கிறான். நகரத்தின் பலம் நம் இருவரையும் வென்றுவிடுமோ என்று சாக்ரடீஸ் அஞ்சுகிறார். அச்சம் பலித்தது. கி.மு. 415-இல் ஸிஸிலித் தீவின்மீது படையெடுக்க ஆதென்ஸைத் தூண்டி, தானே தளபதிகளில் ஒருவனாகப் புறப்பட்டவன், தெய்வ நிந்தனைக் குற்றச்சாட்டுக்குத் தப்பிப் பகை நாடாகிய ஸ்பார்ட்டாவுக்கே ஓடினான். அந்தப் படையெடுப்பு நகரத்துக்குப் பெரு நாசமாக முடிந்தது. கி.மு. 399-இல் இளைஞரைக் கெடுத்தார் என்று சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்தபோது இந்த மாணவனின் நினைவும் பலர் நெஞ்சில் இருந்திருக்கும். அவர் பக்கம் வாதாடி எழுதிய அவருடைய சீடர் செனபோன், சாக்ரடீஸின் அருகே இருந்தவரையில் அவன் தன்னை அடக்கிக்கொண்டிருந்தான், விலகிய பிறகே கெட்டான் என்கிறார். அந்தச் சமாதானம் பாதி உண்மை. கேள்வியால் ஒருவனை வெட்கப்படுத்தலாம், விழிக்கச் செய்யலாம். நல்லவனாகவே இருக்கும்படி கட்டிவைக்க முடியாது. ஆனால் சாக்ரடீஸ் நியாயத்தைப் பற்றிக் கேட்டார். கேட்காமல் பேச்சுத் திறமையை மட்டும் கூராக்கி அனுப்பவில்லை. அவருக்கும் கூலிக்குச் சொல்வன்மை கற்பித்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அதுவே.

கூலி என்றதும், நாசூக்காக விலக்கப்படும் ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. சாக்ரடீஸ் ஊதியம் வாங்கவில்லை. இன்றைய கோச்சுக்கு ஊதியம் தருவது பெரும்பாலும் எதிரே உட்காரும் நிர்வாகி அல்ல, அவரை அனுப்பிய கம்பெனி. ஆகையால் முதல் சந்திப்பிலேயே மூவருக்கும் இடையே ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள்: அறைக்குள் பேசப்பட்டதில் எது வெளியே போகும், எது போகாது என்று தெளிவாக வரையறுப்பது இந்தத் தொழிலின் ஒழுக்க விதிகளில் முக்கியமானது. இது மெச்சத்தக்கதே. ஆனால் அறைக்குள் வராத நாலாவது தரப்பு ஒன்று உண்டு. தலைவர் என்பவர் தனி மனிதர் அல்லர். அவருடைய முடிவின் கீழ் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலை ஒன்றை மூடும் செய்தியை அறிவிக்க மனத்திண்மை வேண்டும் என்று ஒருவர் கோச்சிடம் வந்தால், அந்தத் திண்மையை மட்டும் வளர்த்துக் கொடுத்து அனுப்பலாம். தொழில் சுத்தமாகவே இருக்கும். அல்லது, மறுநாள் அந்த வாயிலில் நிற்கப் போகிறவர்களில் ஒருவர் இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், இதே காரணங்களை இதே சொற்களில் அவரிடம் சொல்ல முடியுமா என்று கேட்கலாம். இதற்கு வரும் பதிலைக் கோச் தீர்மானிக்கக் கூடாது. தொழிற்சாலையை மூடுவதே சில வேளை நியாயமாகவும் இருக்கும். கேள்வியைக் கேட்கும் சுதந்திரமும், அதற்கு இடமில்லையென்றால் எழுந்து போகும் சுதந்திரமும் தமக்கு உண்டென்று அவர் முதல் நாள் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பணம் கைமாறத் தொடங்கிய பிறகு அதைக் கேட்டுப் பெறுவது மிகவும் அரிது.