கன்றின் பங்கு

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிறு. காலைத் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். சக்ரீஸ்து வாசலில் ஒரு தாய் தயங்கி நின்றார். கணவரை இழந்தவர், மறைமலை நகரை அடுத்த சிற்றூரில் இரண்டு கறவை மாடுகளை வைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். "சாமி, பொட்டைக் கன்னா பிறக்கிற மாதிரி ஒரு சினை ஊசி வந்திருக்காம். அதைப் போட்டா பாவமா?" என்று கேட்டார்.

"மாட்டுக்குத்தானே அம்மா, பாவமெல்லாம் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கத் திரும்பினேன். அவர் போகவில்லை. "அப்போ, போன தடவை பிறந்த காளைக் கன்னை எட்டாம் நாளே வியாபாரிகிட்ட கொடுத்துட்டேனே சாமி, அது பாவமா? தாய் மாடு மூணு நாளா கத்திக்கிட்டே இருந்துச்சு."

குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் கற்ற அறநெறி இறையியல் அந்தக் கணத்தில் எனக்கு உதவவில்லை. "செபியுங்கள் அம்மா" என்றேன். கேட்டவருக்கு அது விடையாகாது என்பதை அவர் முகமே சொல்லிற்று. அன்று முதல் என் மனத்தில் கிடந்து உறுத்தும் அக்கேள்வியை இங்கே வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறேன்.

அக்கன்று ஏன் வேண்டாததாயிற்று என்பதை முதலில் நோக்குவோம். 1939-இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் நம் நாட்டின் முதல் செயற்கைக் கருவூட்டல் நிகழ்ந்தது. பின்னர், பால் பெருக்கம் வேண்டி ஜெர்சி, ஹோல்ஸ்டீன் போன்ற அயல்நாட்டு இனங்களை நம் பசுக்களோடு கலந்தோம். பால் பெருகிற்று, ஏழைகளின் வீடுகளில் அடுப்பும் எரிந்தது. இந்த நன்மையை மறுப்பது நன்றிகேடாகும். ஆனால் கலப்பினக் காளைக்கு வேலை இல்லாமற்போயிற்று. ஏர் பிடித்த நிலத்தில் டிராக்டர் ஓடுகிறது. ஏரே இருந்தாலும், நம் வெயிலில் காங்கேயம் காளையைப் போல் உழைக்கும் வலிமை அதற்கு இல்லை. மேலைநாடுகளில் இறைச்சிக்கென்றே தனி இனங்களை உருவாக்கி வளர்க்கிறார்கள். இங்கோ, பாலுக்கும் ஏருக்கும் உதவாதவையே பெரும்பாலும் இறைச்சியாகின்றன. ஆகவே, காலையில் காப்பி அருந்தும் நம்மில் எவரும், மாட்டிறைச்சி உண்ணாதவர் உட்பட, அக்கன்றின் கதைக்கு வெளியே நிற்க இயலாது.

இனி அந்த ஊசி. பெண் கன்றைத் தரும் விந்தணுவில் மரபுப்பொருள் ஏறத்தாழ 4 விழுக்காடு மிகுதியாக இருக்கும். சாயமேற்றி, லேசர் ஒளியின் முன் ஒவ்வோர் அணுவாக ஓடவிட்டு, அவ்வேறுபாட்டைக் கொண்டு பிரித்தெடுக்கிறார்கள். அப்படிப் பிரித்த விந்தைச் செலுத்தினால் 100-க்கு 90 அளவில் கிடாரிக் கன்றுகளே பிறக்கும். கால்நடை மரபியல் நமக்கு எட்டாத ஏதோ ஒன்றன்று. நம் ஊருக்கு அருகிலேயே, காட்டுப்பாக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முதுகலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கால்நடைகளின் இன மேம்பாடு அங்கு அன்றாட ஆய்வுப் பொருள். நெடுஞ்சாலையில் பேருந்தில் செல்லும் நம்முள் எத்தனை பேர் அதை எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

"கடவுளின் படைப்பில் மனிதன் கை வைக்கலாமா?" என்று சிலர் சினத்துடன் கேட்பதுண்டு. அவர்கள் தொடக்கநூலின் 30-ஆம் அதிகாரத்தைப் படிக்க வேண்டும். லாபானின் மந்தையில் புள்ளியும் வரியும் உடைய ஆடுகளே தன் கூலி என்று உடன்படிக்கை செய்த யாக்கோபு, வலிமையுள்ள ஆடுகள் பொலியும் வேளையில் மட்டும் தோலுரித்த கொப்புகளை அவற்றின் முன் வைத்தார், நலிந்தவற்றின்முன் வைக்கவில்லை. கொப்புகளைப் பார்த்ததால் வரிக்குட்டி பிறக்காது என்பதை இன்று அறிவோம். ஆயினும், எதை எதோடு சேர்ப்பது என்று கூர்ந்து நோக்கிய அக்கண் ஓர் இனப்பெருக்க வல்லுநரின் கண்தான். பரம்பரைப் பண்புகளின் விதிகளை 1865-இல் முதன்முதலாக எடுத்துரைத்தவரும் நம் திருச்சபையின் மகனே: அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல். தம் மடத்துத் தோட்டத்துப் பட்டாணிச் செடிகளில் அவர் கண்ட உண்மையை அவர் வாழ்நாளில் உலகம் பொருட்படுத்தவில்லை. 1900-இல்தான் அறிஞர்கள் அதை மீண்டும் கண்டெடுத்தனர். எனவே, ஆய்வை அஞ்சுவது நம் மரபன்று.

பின், அஞ்ச வேண்டியது எதை? பெல்ஜிய நாட்டில் நீலம் கலந்த வெண்ணிற மாட்டினம் ஒன்று உண்டு. தசை வளர்ச்சிக்கு வரம்பு கட்டும் மரபணு அதில் பழுதுற்றிருப்பதால் தசை இரட்டிப்பாகத் திரள்கிறது. அப்பழுது எது என்பதை 1997-இல் அறிவியலார் கண்டறிந்தனர். மெலிந்த, மிகுதியான இறைச்சி என்பதால் பல தலைமுறைகளாக அப்பண்பையே தேர்ந்து வளர்த்தார்கள். விளைவு என்ன? கன்று பெருத்துவிட, தாயின் பிறப்புவழி குறுகிவிட, அவ்வினத்துப் பசுக்களில் மிகப் பெரும்பாலானவை வயிற்றைக் கீறித்தான் கன்று ஈனுகின்றன. தானாக ஈன முடியாத தாய்! அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் 1980-களில் பன்றிகளுக்கு மனித வளர்ச்சி இயக்குநீரின் மரபணுவைப் புகுத்தினார்கள். கொழுப்புக் குறைந்தது உண்மை. கூடவே மூட்டுவாதமும் வயிற்றுப்புண்ணும் வந்து அப்பன்றிகளை வாட்டின. இரண்டு இடங்களிலும் அறிஞர்கள் கொடியவர்கள் அல்லர். ஓர் அளவுகோலை மட்டும் கையில் எடுத்தார்கள். அதில் அடங்காத உயிரின் மற்ற பகுதியைக் காணத் தவறினார்கள்.

இந்த ஒற்றை அளவுகோல் இழைக்கும் இன்னொரு தீங்கையும் நாம் அறிவோம். பழைய சென்னை மாகாணத்து நெல்லூர், ஓங்கோல் பகுதி மாடுகள் கடல் கடந்து பிரேசிலை அடைந்து, "நெலோர்" என்னும் பெயரில் அந்நாட்டு இறைச்சித் தொழிலுக்கே முதுகெலும்பாயின. 2023-இல் அவ்வினத்துப் பசு ஒன்றின் மூன்றில் ஒரு பங்கு உரிமை ஏலத்தில் விற்ற விலையைக் கொண்டு கணக்கிட்டால், அதன் முழு மதிப்பு 40 இலட்சம் டாலருக்கும் மேல். நம் மண்ணின் வெயிலும் வறட்சியும் பல நூற்றாண்டுகளாகச் செதுக்கிய வலிமையை அயலார் மதித்துப் போற்றினர். நாமோ காங்கேயத்தையும் உம்பளச்சேரியையும் பர்கூரையும் ஆலம்பாடியையும் "பால் குறைவு" என்ற ஒரே தீர்ப்பால் தொழுவத்தைவிட்டு வெளியேற்றினோம். ஓர் இனம் அற்றுப்போனால் அதை எந்த ஆய்வகமும் நமக்குத் திருப்பித் தராது.

1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் உணவுக்கும் உடைக்கும் விலங்குகளைப் பயன்படுத்துவதை ஏற்கிறது. ஆனால் தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரண் என்கிறது. கவனியுங்கள்: விலங்கின் நோவு மட்டுமன்று, நம் மாண்பும் அங்கே காயப்படுகிறது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' மடலில் மரபணு ஆய்வைப் பற்றிப் பேசும்போது இப்போதனையையே எடுத்தாள்கிறார்.

அந்த மாண்பு எப்படிக் காயப்படுகிறது என்பதற்கு நம் தமிழகத்திலேயே சான்று உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட மாநிலம் இது. கருவில் பாலினம் அறிவதைத் தடுக்க 1994-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று. வீட்டில் ஆண் வேண்டும், தொழுவத்தில் பெண் வேண்டும் என்கிறோம். மனிதக் குழந்தையும் மாட்டுக் கன்றும் ஒன்றல்ல. அவ்வாறு சொல்வது விசுவாசத்துக்கும் அறிவுக்கும் பொருந்தாது. ஆனால் பிறக்கும் உயிரைப் பார்த்து, "நீ எனக்கு என்ன தருவாய்?" என்று முதற்கேள்வி கேட்கும் மனம் ஒன்றுதான். தொழுவத்தில் பழகிய மனம் வீட்டு வாசலில் செருப்பைப் போலக் கழன்று நிற்பதில்லை.

அப்படியானால் அந்தத் தாய்க்கு என்ன விடை? அவரைப் பாவி என்று சொல்ல எனக்கு நாவில்லை. பாலை விற்று வாழும் வீட்டில், கறவாத கன்றுக்கு ஆண்டுக்கணக்கில் தீனி வாங்கிப் போடு என்று ஆலோசனை கூறுவது, அத்தீனிக்குக் காசு கொடுக்காத என்னைப் போன்றோருக்கு எளிது. கிடாரிக் கன்றை மிகுவிக்கும் ஊசியும் அதனளவில் தீமையன்று. எட்டாம் நாள் விற்கப்படவென்றே பிறக்கும் கன்றுகள் குறையுமானால் அதில் ஓர் இரக்கமும் உண்டு. ஆனால் அந்த ஊசிக்குப் பிறகும் பத்தில் ஒன்று காளையாகப் பிறக்கும். அந்த ஒன்றுக்கு நாம் தரும் இடமே நம் அறத்தின் சோதனை.

எட்டாம் நாள் என்று அவர் சொன்னது பிறகுதான் என் நெஞ்சில் தைத்தது. பிறந்த கன்று ஏழு நாள் தாயோடு இருக்கட்டும், எட்டாம் நாள் முதலே அதைப் பலியாக்கலாம் என்பது லேவியர் நூலின் விதி. அறியாமலே அவர் சட்டத்தின் எல்லையைக் காத்திருக்கிறார். ஆயினும் மூன்று நாள் கதறிய பசுவின் குரல் அவரைச் சட்டத்துக்கு அப்பால் அழைத்தது. அதை மனச்சான்று என்கிறோம். குருவானவனாகிய நான் அன்று அதைக் கேட்கவில்லை, அவர் கேட்டார்.

தேர்ந்த மந்தையால் செல்வரான யாக்கோபும் இறுதியில் அங்கேதான் வந்து சேர்ந்தார். ஏசா அவரை விரைந்து உடன்வருமாறு அழைத்தபோது, பால் கொடுக்கும் ஆடுமாடுகள் தம்மிடம் உள்ளன, ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் அவை மடியும், ஆகவே அவற்றின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் ஏற்பவே தாம் வருவதாகச் சொல்லிப் பின்தங்கினார். அன்று மந்தையைப் பெருக்கக் கற்றவர், இன்று மந்தையின் நடைக்குத் தம் நடையைக் குறைக்கவும் கற்றுக்கொண்டார். மரபியல் அறிஞரிடமும், அவர்தம் ஆய்வின் பயனை அருந்தியும் உண்டும் வாழும் நம்மிடமும் இறைவன் கேட்பது அவ்வளவே. இந்த விலங்கு நிற்கவும் நடக்கவும் தானாக ஈனவும் வல்லதா? இதை வளர்க்கும் ஏழை இதன் சுமையைத் தாங்குவாரா? விரைவை இவ்விரு கேள்விகளுக்கும் பிறகு வைப்போம்.

பொங்கலன்று மாடுகளை மந்திரிக்கச் சென்றபோது அத்தாயின் தொழுவத்துக்கும் போனேன். இரண்டாவது பசு ஈன்றிருந்தது; மீண்டும் காளைக் கன்றே. அவர் பால் கறந்துகொண்டிருந்தார். மூன்று காம்புகளைக் கறந்துவிட்டு எழுந்து கன்றை அவிழ்த்துவிட்டார். "ஒரு காம்பு அதுக்கு சாமி. எங்க அம்மா அப்படித்தான் விடுவாங்க. புல்லு மேயற வரைக்கும் இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். தீர்த்தம் தெளித்தேன். அன்று என் வாயில் அறிவுரை எதுவும் வரவில்லை.