குரலின் ஒருமை

தோன்றியதும் மறைந்துவிடும் ஒலிகளுள் சிலவற்றை மட்டும் சேர்த்து ‘இது ஒரே குரல்’ என்று கொள்வதற்கு எது ஆதாரம் என்னும் வினா, மாறிக்கொண்டேயிருக்கும் ஒன்றை அதே பொருள் என்று எவ்வாறு சொல்கிறோம் என்ற பழைய மெய்யியல் வினாவின் ஒரு கிளையாகும். ஒரு மெட்டை வேறு சுருதிக்கு மாற்றினால் அதன் ஒலிகள் யாவும் மாறிய பின்னும் மெட்டு அதுவாகவே நிற்கிறது என்பதை 1890இல் எடுத்துக்காட்டிய கிறிஸ்டியான் ஃபான் எரன்ஃபெல்ஸ், முழுமை அதன் உறுப்புகளின் கூட்டுத்தொகை அன்று என்று வாதிட்டார். எனினும் அவர் காட்டியது தனித்து ஒலிக்கும் மெட்டு. பல மெட்டுகள் ஒரே நேரத்தில் ஒலிக்கையில், எந்த ஒலி எந்தக் குரலுக்கு உரியது என்னும் இன்னும் கடினமான சிக்கல் எழுகிறது.

இந்தச் சிக்கலை இசையமைப்பாளர் பாஹின் படைப்புகளில் காணலாம். அவர் 1722இல் தொகுத்த விசைப்பலகை நூலின் முதல் ஃபியூக், அதாவது ஒரே கருமெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுப் பின்னிச் செல்லும் இசைவடிவம், நான்கு குரல்களை இரண்டே ஐங்கோட்டுத் தொகுதிகளுக்குள் அடக்குகிறது. அவர் மறைந்தபின் 1751இல் அச்சான ‘ஃபியூக் கலை’யிலோ ஒவ்வொரு குரலுக்கும் தனித் தொகுதி உண்டு. முன்னதில் நடுக்குரல்கள் ஒரு தொகுதியிலிருந்து மற்றொன்றுக்கு இறங்கவும் ஏறவும் நேர்வதால், இருக்கும் இடத்தைக் கொண்டு குரலை அடையாளம் காண இயலாது.

நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்-வென் நியன்ஹாய்ஸ், யான் நியூவன்ஹாய்சன் ஆகிய இருவர் 1996இல் தொடங்கிய, இசைக்குறியீட்டை அச்சிடும் லிலிபாண்ட் மென்பொருளில் இசை எழுத்துகளாகத் தட்டச்சிடப்படுவதால், எந்த ஒலி எந்தக் குரலுக்கு உரியது என்பதை எழுதுபவரே அறிவிக்கவேண்டும். ‘ஸ்கோர்’ என்னும் முழுப்படைப்புக்குள் ‘ஸ்டாஃப்’ என்னும் ஐங்கோடும், அதற்குள் ‘வாய்ஸ்’ என்னும் குரலும் அடங்கும். இவை வெறும் பெட்டிகள் அல்ல, ஒவ்வொன்றுக்கும் தனக்குரிய நினைவு உண்டு. ஒரு குரல் ஏற்றிய சுரத்தை அதே ஐங்கோட்டிலுள்ள மற்றக் குரலும் அந்தத் தாளக்கூறு முடியும்வரை ஏற்றியதாகவே கொள்வது இயல்பான ஏற்பாடாகையால், அந்த நினைவு ஐங்கோட்டுக்கு உரியது. சுரங்களை ஒரே மூச்சாகத் தழுவும் வளைகோடோ தனிக் குரலுக்கு மட்டுமே உரியது. பொதுவில் எது, தனக்கென எது என்ற இந்தப் பங்கீடு, கூட்டு வாழ்வைப் பற்றிய நூல்கள் பலவற்றைவிடத் தெளிவானது.

ஓரிடத்தில் இரு மெட்டுகள் பிரியும்போது அவற்றிடையே இரட்டைச் சாய்கோடு இடும் குறுக்குவழியும் இதில் உண்டு. அப்போது மென்பொருள் இரண்டு புதிய குரல்களைப் படைத்துவிடுவதால், முன்பிருந்த குரலுக்கென எழுதிய பாடல்வரிகள் அப்பகுதியைத் தவிர்த்துச் செல்கின்றன, வளைகோடும் அந்த எல்லையைக் கடப்பதில்லை. பழைய குரலை மேல்குரலாகத் தொடரவிட்டு, இரண்டாவதை மட்டும் புதிதாகப் பெயரிட்டு அமைத்தால் பிளவு நீங்குகிறது. இரண்டு விதத்திலும் கணினி இசைக்கும் ஒலிகள் ஒன்றே. ஆயினும் பாடகர் ஒருவர் ஒரே மூச்சில் பாடவேண்டியதை முதல்விதம் பிளக்கிறது என்பதால் அது பிழைதான். பெயரிட்டு அறிவித்தால்தான் தொடர்ச்சி கிட்டுகிறது என்பதிலிருந்து, அது எழுதுபவரின் விருப்பமே என்று முடிவுகட்டலாகாது. விருப்பம் மட்டுமே என்றால் அறிவிப்பு தவறாக இருக்க வழியில்லை; ஆகவே குரலின் ஒருமை காதில் விழும் ஒலியில் மட்டும் தங்காத ஓர் உண்மையாகும்.

பாஹின் அந்த முதல் ஃபியூக்கை இதில் எழுதும்போது இன்னொரு கேள்வி எழுகிறது. அதில் டெனார் என்னும் நடுக்குரல் நுழைவது நான்காம் தாளக்கூறில்தான். முதல் மூன்று கூறுகளுக்கும் அதன் வரியில் எதையேனும் எழுதாவிட்டால் அது தொடக்கத்திலேயே ஒலித்துவிடும் என்பதால், எழுதுபவர் ‘ஆர்’ இட்டு மௌனக்குறியை அச்சிடலாம், அல்லது ‘எஸ்’ இட்டுக் காலத்தை மட்டும் நகர்த்தித் தாளை வெறுமையாக விடலாம். வாய்மூடிக் காத்திருக்கும் குரலை முன்னது காட்டுகிறது. பின்னதில் அக்குரலுக்குக் காலம் ஓடுகிறது, ஆனால் அது இருப்பதற்கான சுவடு தாளில் எங்கும் இல்லை.