ஏற்றலும் ஆற்றுப்படுத்தலும்

உழைத்துப் பொருளீட்ட வல்ல ஒருவர், அவ்வுழைப்பை ஒத்திவைத்து ஆராய்ச்சியில் அமர்வதற்காகப் பிறர் பொருளை ஏற்கலாமா என்பதும், ஏற்றால் அக்கடனை யாருக்கு எவ்வாறு தீர்ப்பது என்பதும் அறநூல்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாக்கள். முனைவர் பட்டத்தை முடிக்கும் தறுவாயில் இருப்பவரும், முடித்து நிலையான பணி கிட்டாமல் காத்திருப்பவரும் உதவித்தொகை விண்ணப்பம், பரிந்துரைக் கடிதம், நேர்காணல் என்னும் வடிவங்களில் இதே வினாக்களைத்தான் எதிர்கொள்கின்றனர். விண்ணப்பிக்கும் முறையை விளக்க நூல்களும் பயிலரங்குகளும் உள்ளன. விண்ணப்பிப்பவரின் உள்ளத்தில் எழும் கூச்சத்துக்கும், பெற்றபின் எழவேண்டிய கடமையுணர்வுக்கும் விடை சமய மரபுகளிலும் இலக்கிய மரபிலும்தான் கிடைக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரை விளிம்பில், புதுச்சேரியின் வடக்கு எல்லையை ஒட்டியிருக்கும் கோட்டக்குப்பம் இவ்வினாவை எழுப்புவதற்கு உகந்த இடம். இஸ்லாமியர் மிகுந்து வாழும் இவ்வூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்றால் 1985இல் நிறுவப்பட்ட புதுவை மத்தியப் பல்கலைக்கழகம் காலாப்பட்டிலும், அதனினும் வடக்கே மரக்காணத்தின் உப்பளங்களும் அமைந்துள்ளன. தெற்கே புதுச்சேரி நகரில் 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. ஆராய்ச்சி நடக்கும் இடம் இவ்வளவு அருகில் இருந்தும், உப்பளத் தொழிலாளரின் மகளுக்கோ மீனவரின் மகனுக்கோ அங்கு நுழையும் வழி தானாகத் தெரிந்துவிடுவதில்லை. எந்த மாதத்தில் எந்த அறிவிப்பு வெளியாகும், யாரை வழிகாட்டியாகக் கேட்கலாம், ஆய்வுத்திட்டத்தை எவ்வாறு எழுதுவது என்பனவற்றைப் படித்த குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டிலேயே அறிந்துகொள்ள, முதல் தலைமுறை ஆய்வாளர் ஒவ்வொன்றையும் யாரிடமேனும் கேட்டே அறிய வேண்டியிருக்கிறது.

கேட்பது என்னும் செயலைத் தமிழ் அறமரபு எளிதாக எடுத்துக்கொண்டதில்லை. திருக்குறளில் இரவு என்னும் 106ஆம் அதிகாரம், ஒளிக்காமல் கொடுக்கும் பண்புடையவரிடம் கேட்பதை ஏற்கிறது. அடுத்து வரும் இரவச்சம் என்னும் 107ஆம் அதிகாரமோ, கேட்கும் நிலைக்கு அஞ்சுவதை உயர்வாகப் பேசுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததில் முரண் ஏதும் இல்லை. கேட்பவரின் மானமும் கொடுப்பவரின் தகுதியும் ஒருங்கே காக்கப்பட வேண்டும் என்னும் ஒரே கவலையின் இரு பக்கங்கள் அவை. ஆயினும், கல்விக்காகக் கேட்பது வறுமைக்காகக் கேட்பதோடு ஒத்ததா, அதனின் வேறானதா என்னும் வினா அங்கே தனித்து எடுக்கப்படவில்லை.

அவ்வினாவை நேரடியாக எடுத்து விடை கூறியவர்களுள் ஒருவர் 13ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த இமாம் நவவி. தமிழகக் கடற்கரை முஸ்லிம்களில் பலர் பின்பற்றும் ஷாஃபி சட்டப் பள்ளியின் பேரறிஞர்களுள் ஒருவர் அவர். ஜகாத் என்பது வசதி படைத்த முஸ்லிம்கள் ஆண்டுதோறும் தம் செல்வத்திலிருந்து, பணமாயின் நாற்பதில் ஒரு பங்கை, கட்டாயமாக வழங்க வேண்டிய அறக்கொடை. அதைப் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைத் திருக்குர்ஆன் ஒன்பதாம் அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வரையறுக்கிறது. உழைத்துப் பிழைக்கும் வலிமையுடையவர் பொதுவாக ஏழைகளின் வகையில் சேரமாட்டார். ஆனால் மார்க்கக் கல்வியில் ஈடுபட்ட ஒருவர், பிழைப்பைத் தேடிச் சென்றால் அக்கல்வி அறுந்துபோகும் என்றிருக்குமானால், அவருக்கு ஜகாத் கொடுக்கலாம் என்று நவவி தீர்ப்பளித்தார். தன் விருப்பத்தால் கூடுதல் வணக்கத்தில் மூழ்கி உழைப்பைக் கைவிட்டவருக்கு அவர் அவ்வுரிமையை வழங்கவில்லை.

இவ்விருவரையும் வேறுபடுத்துவதற்கு அவர் கூறும் காரணம் ஆழமானது. கூடுதல் வணக்கத்தின் பயன் வணங்குபவரோடு நின்றுவிடுகிறது. கல்வியோ ஃபர்ளு கிஃபாயா, அதாவது சமூகம் முழுவதன் மீதும் விதிக்கப்பட்டு, சிலர் நிறைவேற்றினால் ஏனையோர் பொறுப்பிலிருந்து விடுபடுவதும், எவருமே நிறைவேற்றாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள் ஆவதுமான கூட்டுக்கடமை. இக்கருத்தின்படி, கற்பவருக்குப் பொருள் கொடுப்பவர் தம் கடமையைத் தமக்குப் பதிலாக நிறைவேற்றும் ஒருவரோடு சுமையைப் பங்கிட்டுக்கொள்கிறார். நவவி பேசியது மார்க்கக் கல்வியைப் பற்றியே என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இமாம் கஸ்ஸாலி மருத்துவத்தையும் கணக்கையும் இதே கூட்டுக்கடமைகளுள் சேர்த்திருந்தார். ஊர்களில் சட்ட அறிஞர்கள் நிரம்பியிருக்க மருத்துவர் அருகிப்போனதைக் கண்டு வருந்தியும் எழுதினார். இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தால், கழிமுகத்தின் நீரியலையோ உப்பளத் தொழிலாளரின் தோல்நோயையோ ஆராய்பவர், இரக்கத்தை வேண்டி நிற்பவராகத் தம்மைக் கருதவேண்டியதில்லை என்பது தெளிவாகும்.

ஏற்கலாம் என்று முடிந்தபின் எழுவது, ஏற்பதால் வரும் ஆபத்து பற்றிய வினா. அதைத் தம் வாழ்க்கையிலேயே சந்தித்தவர் கஸ்ஸாலி. தந்தையை இழந்து, தந்தை விட்டுச்சென்ற சிறுபொருளும் தீர்ந்த நிலையில், உணவு கிடைக்கும் என்பதற்காகவே சகோதரரோடு மதரஸாவில் சேர்ந்தவர் அவர் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். இறைவனுக்காக அன்றி வேறு நோக்கத்தோடு தேடிய அறிவு, இறைவனுக்கன்றி வேறெதற்கும் உரியதாக இருக்க மறுத்துவிட்டது என்று அவர் பின்னாளில் சொன்னதாகவும் மரபு. 1091இல் பாக்தாதின் நிஜாமியா கல்விக்கூடத்தில் தலைமைப் பேராசிரியரான அவர், தம் கற்பித்தலின் நோக்கம் புகழும் பதவியுமே என்று உணர்ந்து 1095இல் அப்பதவியைத் துறந்தார். ஆட்சியாளரின் பொருளை ஏற்பதில்லை என்றும் உறுதி பூண்டார். உதவி தேடி உள்ளே வருபவரின் நோக்கம் கல்வியால் தூய்மையாகலாம் என்பதற்கும், உதவியும் பதவியும் தூய நோக்கத்தைக் கெடுக்கலாம் என்பதற்கும் அவர் ஒருவரே சான்றாகிறார். நிதி வழங்கும் அமைப்பு விரும்பும் சொற்களைத் தேடித் தேடித் தம் ஆய்வுக்கேள்வியை மாற்றிக்கொண்டே போகும் இளம் ஆய்வாளர், முடிவில் எது தம் கேள்வி என்பதையே மறந்துவிடும் நிலைக்கு வருவதுண்டு. கஸ்ஸாலியின் அச்சம் அத்தகையவருக்கு இன்றும் பொருந்தும்.

இத்தகைய உதவியை ஏற்பதன் முழு வடிவத்தையும் காட்டும் தமிழக வரலாறு சீனிவாச இராமானுஜனுடையது. பட்டம் பெறத் தவறிய அவர் 1910இல், கோட்டக்குப்பமும் மரக்காணமும் அன்று அடங்கியிருந்த தென்னாற்காடு மாவட்டத்தின் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயரிடம் எழுத்தர் வேலை கேட்டுச் சென்றார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவரான இராமசாமி ஐயர், இராமானுஜனின் கணிதக் குறிப்பேடுகளைக் கண்டபின், கடைநிலை வேலையில் அத்திறனை முடக்க மனமின்றி, சென்னைக் கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் தந்தனுப்பினார். அவ்வழியே பி.வி. சேஷு ஐயரையும், அவர் மூலம் நெல்லூர் ஆட்சியர் ஆர். இராமச்சந்திர ராவையும் இராமானுஜன் அடைந்தார். ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதந்தோறும் கொடுத்துவந்த உதவியில் நெடுநாள் வாழ மனமொவ்வாமல், 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாதவர் என்ற தடையைக் கடந்து, மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகையை அவருக்கு அளித்தது.

தனியொருவரின் கையிலிருந்து பெற்றபோது கூசிய மனம், பொது நிறுவனத்தின் உதவித்தொகையை ஏற்றுக்கொண்டது கவனிக்கத்தக்கது. பின்னது அறிவுக்காகச் சமூகம் ஒதுக்கிய பங்கு. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தரவேண்டும் என்னும் கடமையும் அதனோடு சேர்ந்தே வந்தது. அவ்வேற்பின் நிறைவு 1919 ஜனவரியில் அவர் இங்கிலாந்திலிருந்து எழுதிய மடலில் உள்ளது. ஆண்டுக்கு 250 பவுண்டு வழங்க முன்வந்த பல்கலைக்கழகத்துக்கு நன்றி கூறி, அதில் 50 பவுண்டைப் பெற்றோருக்கு அனுப்புமாறும், தம் தேவைக்குப் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர், ஆதரவற்றோர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்துமாறும் அவர் வேண்டிக்கொண்டார். தமிழ் முஸ்லிம்கள் அமானிதம் என்பது, ஒருவர் கையில் ஒப்படைக்கப்பட்டு உரியவரிடம் சேர்க்கப்பட வேண்டிய பொருளை. வைதிக அந்தணராகிய இராமானுஜன் அச்சொல்லை அறியாமலே அப்பொருளின்படி நடந்தார்.

இன்றைய நிலையில் இவ்வமானிதத்தின் பெரும்பகுதி அரசின் கையில் இருக்கிறது. தேசியத் தகுதித் தேர்வின் வழிப் பெறும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாகவும், அதன் அடுத்த கட்டமான முதுநிலை உதவித்தொகை 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. அதே காலத்தில், சிறுபான்மைச் சமயத்தினரின் ஆய்வுப் படிப்புக்காக 2009இல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை, வேறு திட்டங்களோடு மேற்பொருந்துகிறது என்னும் காரணத்தால் 2022-23 முதல் நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் மக்களவையில் அறிவிக்கப்பட்டது. கோட்டக்குப்பம் போன்ற ஊரின் பிள்ளைகளுக்குத் திறந்திருந்த ஒரு வாயில் அதனால் அடைபட்டது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் இளம் ஆய்வாளருக்கு நல்கை அளிக்கிறது. ஆயினும் தொடக்கநிலை நல்கைகளில் முதன்மையானது நிலையான பணியில் அண்மையில் அமர்ந்தவருக்கே உரியது. பட்டம் பெற்றும் கௌரவ விரிவுரையாளராகவே ஆண்டுகள் கடத்துவோர் அதற்கு வெளியே நிற்கின்றனர். கூட்டுக்கடமை என்னும் கருத்து இங்கே கடுமையாகிறது: ஓரிடத்தில் உதவி நின்றால், அக்கடமை மறைந்துவிடுவதில்லை, ஊரின் ஜமாஅத், வெளிநாட்டில் உழைக்கும் ஊரார், பழைய மாணவர் என எஞ்சியிருப்போர் அனைவர் மீதும் அது திரும்பி வருகிறது.

அக்கடமையைப் பொருளால் நிறைவேற்ற இயலாதவருக்கும் ஒரு வழியை இதே கடற்கரையைப் பாடிய சங்கநூல் காட்டுகிறது. ஆற்றுப்படை என்பது, வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞருக்கு வழியைச் சொல்லி அனுப்புவதாக அமையும் பாடல்வகை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையில், நல்லூர் நத்தத்தனார் ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியை 269 அடிகளில் பாடுகிறார். அவ்வழியில் வரும் எயிற்பட்டினத்தை அறிஞர் பலர் மரக்காணப் பகுதியோடு இணைத்துக் காண்பர். பாணரின் வீட்டில், குப்பையில் முளைத்த கீரை உப்பும் இன்றி வெந்து, அயலார் காண நாணிக் கதவை அடைத்து உண்ணப்பட்டதை அப்பாடல் கூறுகிறது. பசியினும் அதைப் பிறர் அறிவதே அக்குடும்பத்தைச் சுட்டது. உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் ஆய்வாளர்கள் அடக்கிக்கொள்ளும் துயரமும் அதுவே.

அந்த நாணத்தைத் துடைப்பவர், தாமும் அந்நிலையிலிருந்து வந்தவராகிய முன்சென்ற பாணர்; பெற்ற பரிசிலை மறைக்காமல், எவ்வூர் வழியே செல்வது, எங்கே உணவு கிடைக்கும், கொடுப்பவர் எத்தகையவர் என்று ஒவ்வொன்றாக அவர் விளக்குகிறார். போட்டி நிறைந்த இன்றைய உலகில், தமக்குக் கிடைத்த நல்கையின் விவரத்தையும், வெற்றி பெற்ற விண்ணப்பத்தின் படியையும், நிராகரிக்கப்பட்டதன் காரணத்தையும் பின்வருபவரோடு பகிர்பவர் மிகச் சிலரே. பகிர்ந்தால் தம் வாய்ப்புக் குறையும் என்னும் அச்சம் உண்மையானதுதான். நல்கைகள் எண்ணிக்கையில் குறைவானவை. ஆயினும் சமூகத்தின் கூட்டுக்கடமையாகப் பெற்ற ஒன்றைத் தனியுடைமையாகப் பூட்டுபவர், தமக்கு உதவி வந்த நியாயத்தையே மறுப்பவராகிறார்.

ஆகவே அறிவுக்காக ஏற்பது இழிவன்று. ஏற்றதைத் தம்மோடு முடித்துக்கொள்வதே இழிவு. கொடுத்தவருக்குத் திருப்பிச் செலுத்த முடியாத இக்கடன், அடுத்து வருபவருக்கு வழிசொல்வதால் மட்டுமே தீர்கிறது. காலாப்பட்டில் ஆய்வை முடித்த கோட்டக்குப்பத்து இளைஞர் ஒருவர், தம் ஊரின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியிடம் தேர்வின் பெயரையும் விண்ணப்பக் காலத்தையும் அணுக வேண்டிய பேராசிரியரையும் சொல்லும்போது, அவர் செய்வது உபகாரம் அன்று, தம் கையில் இருந்த அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பதேயாகும்.