தாழ்ப்பாள் இல்லாத அறை

எங்கள் வீட்டில் தம்பியின் அறைக்குத் தாழ்ப்பாள் உண்டு. என் அறைக்குக் கிடையாது. கல்லூரிக் காலம் முழுக்க அம்மா என் பையைத் துழாவுவாள், செல்போனைப் பார்ப்பாள். கேட்டால், "உன்னை நம்புறேன்டி, ஊரைத்தான் நம்பல" என்பாள்.

26 வயதில், நான் நேசிப்பவன் குளிக்கப் போனதும் அவனுடைய போனை எடுத்துப் பார்த்தேன். கை நடுங்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

குழந்தையின் பாதுகாப்புணர்வை அறிய, தாயைச் சில நிமிடம் அறைக்கு வெளியே அனுப்பி, அவள் திரும்பியதும் குழந்தை என்ன செய்கிறது என்று கவனித்தார் மேரி எய்ன்ஸ்வொர்த். 1987இல் ஹேசனும் ஷேவரும் அதே பாங்குகளைப் பெரியவர்களின் காதலில் தேடினார்கள். எய்ன்ஸ்வொர்த்தின் அந்த அறையில் அப்பா இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் தாமதமாக வந்தால் அப்பா என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்; "பொண்ண என்ன லட்சணத்துல வளர்த்திருக்க?" என்று அம்மாவிடம்தான் கேட்பார். பையைத் துழாவிய கை அவளுடையது. பயம் யாருடையது?

ஆனாலும் அவளை முழுதாக விடுவிக்க மனம் வரவில்லை. தம்பியின் பையை அவள் தொட்டதே இல்லையே.

போனைப் பார்த்ததை அவனிடம் சொல்லிவிட்டேன். தாழ்ப்பாளைப் பற்றி அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.