ஒரு ராத்திரிக்கு எட்டு முளை

"ஒரு ராத்திரிக்குத்தானே டீச்சர், எதுக்கு எட்டு முளையும்?"

போன ஜனவரியில், கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூரில், தெரிந்தவர் தோட்டத்தில் எங்கள் சபை வாலிபப் பிள்ளைகளோடு கூடாரம் போட்டுக்கொண்டிருந்தபோது ஒருத்தி கேட்டாள். காற்றே இல்லை. நான் ஒன்றும் சொல்லாமல் அடுத்த முளையை எடுத்து நீட்டினேன். அவள் கேள்வி எனக்கு என் அண்ணனை நினைவூட்டிவிட்டது.

இந்தச் சரீரம் ஒரு கூடாரம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை அடக்க ஆராதனைகளில் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். கூடாரம்தானே, எப்படியும் கிடக்கட்டும் என்ற எண்ணமும் கூடவே ஊறிவிட்டது. அண்ணன் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியது அதைச் சொல்லித்தான். "கூடாரத்துக்கு எதுக்கும்மா இவ்வளவு வைத்தியம்? நித்திய வீடு அங்க இருக்கு." எட்டு மாதத்தில் காலில் புண் வந்தது. ஆறாமல், இரண்டு விரலை எடுத்தார்கள். அவரோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை. அவர் விசுவாசம் என்னுடையதைவிடப் பெரியது. ஆனால் அவர் கூடாரம் போட்டதில்லை.

பவுலுக்குக் கூடாரமே பிழைப்பு. கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கி அவர் கூடாரத் தொழில் செய்ததை நடபடிகள் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. அதே ஊராருக்குத்தான் பிறகு அந்த நிருபம். தையல் விட்டால் உள்ளே படுத்திருப்பவன் நனைவான் என்று அறிந்த மனிதர், கூடாரம் என்ற சொல்லை அலட்சியத்துக்காக எடுத்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

அன்று பிள்ளைகளுக்குக் காட்டியது இவ்வளவுதான். மழைத் தண்ணீர் ஓடிய தடத்திலும், பட்ட கிளைக்கு அடியிலும் போடக்கூடாது. கல் பொறுக்கிவிட்டு, அடிவிரிப்பைக் கூடாரத்தின் தரையைவிடச் சற்றுச் சிறியதாக மடிக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலிருந்து வழிகிற தண்ணீரை அதுவே வாங்கி நமக்கு அடியில் சேர்த்துவிடும். முளையின் தலை கூடாரத்தைவிட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நேராக அடித்தால் கயிறு இழுக்கிற இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வரும்.

இருட்டியதும் குளிர் இறங்கியது. சமைத்த கங்கைச் சட்டியோடு உள்ளே வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு பையன்கள் கேட்டார்கள். கூடாதென்றேன். கரிப்புகையில் கலந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். "ஜெபம் பண்ணிட்டுத்தானே டீச்சர் படுக்கிறோம்?" என்றான் ஒருவன். சட்டியை நானே தூக்கித் தூரத்தில் வைத்து, தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வந்து, அவனோடு ஜெபம் பண்ணினேன். ஒன்று மற்றொன்றுக்கு ஈடு என்று எனக்குத் தோன்றவே இல்லை. காக்கச் சொல்லிக் கேட்கிற வாயும் சட்டியைத் தூக்குகிற கையும் ஒரே ஆளுடையவைதானே.

ஜெபம் முடிந்ததும் யூதர்களின் கூடாரப் பண்டிகையைப் பற்றி அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழு நாள் குடிலில் தங்க வேண்டும் என்பது லேவியராகமம் 23இல் உள்ள கட்டளை. ஆனால் மழை பெய்து கூழ் கெட்டுப்போகிற அளவானால் குடிலைவிட்டு வெளியேறலாம் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா அனுமதிக்கிறது. நோயாளிக்கும் விலக்கு உண்டு. எகிப்திலிருந்து வந்த முன்னோர் குடிலில் தங்கியதை நினைப்பூட்டவே குடிலில் படுக்கச் சொன்னவர்கள், நனைகிறவனின் கூழையும் நினைத்திருக்கிறார்கள். அதைப் படித்த நாளில் எனக்குக் கண் கலங்கியது.

விடியும்போது, முளையைப் பற்றிக் கேட்ட பெண்ணின் கூடாரத்து மேல்துணியில் உள்பக்கமெல்லாம் முத்து முத்தாக நீர். குளிருக்குப் பயந்து காற்றுவழி இரண்டையும் அடைத்திருந்தாள். அவள் மூச்சே பனித்து நின்றது.

ஊருக்கு வந்ததும் மொட்டைமாடியில் கூடாரத்தை விரித்தேன். ஈரத்தோடு சுருட்டினால் பூசணம் பிடிக்கும். அண்ணன் தடியூன்றி ஏறி வந்து, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். "இது இன்னும் எத்தனை வருஷம் வரும்?" என்றார்.

"காயவச்சு மடிச்சா ரொம்ப நாள் வரும்ணே."

அவர் துணியைத் தடவிப் பார்த்தார். தையல் ஓரத்தில் இன்னும் ஈரம் இருந்தது. அந்தப் பக்கத்தை வெயிலுக்குத் திருப்பிப் போட்டார்.