சரிவும் துணையும்

டொலோரஸ் லாஷப்பெல் (1926–2007) அமெரிக்காவின் மலைநாடுகளில் வாழ்நாளைக் கழித்த பனிச்சறுக்கு வீராங்கனை, மலையேறி, ஆழ்சூழலியல் என்னும் மெய்யியல் போக்கின் தொடக்ககால எழுத்தாளர்களில் ஒருவர். இந்த மூன்றும் அவருக்குத் தனித்தனி வேலைகள் அல்ல. பனி மூடிய சரிவில் இறங்கும் உடம்பு முதலில் தெரிந்துகொள்கிறது, எழுத்து அதன் பின்னால் நடந்து வருகிறது என்பதே அவருடைய நூல்களின் தொனி. அவர் வாழ்க்கை கிளப்பும் கேள்விகள் பழையவை. கடவுளின் பெயரைச் சொல்லாமல் ஓர் இடம் புனிதமாக முடியுமா? விளையாட்டில் ‘நான்’ கரைவதைச் சமய அனுபவம் என்று கொள்ளலாமா? கொண்டால், அது தனியொருவரின் பரவசத்தோடு நின்றுவிடுமா, ஊராக விரியுமா?

டென்வரில் வளர்ந்த அவர் 1947இல் பல்கலைக்கழகப் படிப்பை முடித்ததும் ஆஸ்பெனுக்குப் பனிச்சறுக்குக் கற்பிக்கப் போனார். வெள்ளிச் சுரங்கம் நொடித்து ஆளரவம் குறைந்து கிடந்த ஊர் அது. அந்த ஆண்டுதான் அங்கே ஆட்களை மலைமேல் ஏற்றும் கம்பிவட நாற்காலி ஓடத் தொடங்கியிருந்தது. பிறகு பனியியல் அறிஞர் எட் லாஷப்பெல்லை மணந்தார். எட் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரிலுள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிலையத்தில் பயின்றவர். 1950களின் தொடக்கத்தில் இருவரும் யூட்டா மாநிலத்து ஆல்ட்டாவுக்கு வந்து சேர்ந்தார்கள். பனிச்சரிவு எப்போது வரும் என்று கணித்து, சரிவுகளை மூடுவதும் திறப்பதும் எட்டின் வேலை. டொலோரஸ் சறுக்கினார்.

ஆல்ட்டா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில், ஒரு குறுகிய பள்ளத்தாக்கின் முடிவில் இருக்கிறது. ஓர் ஆண்டில் அங்கே விழும் பனியை விழ விழ அளந்து கூட்டினால் 12 மீட்டரைத் தாண்டும். அந்தப் பனி உலர்ந்தது, காற்று நிறைந்தது. புதிதாக விழுந்த நிலையில் அதன் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும். கையில் அள்ளினால் மாவு போல உதிரும். சறுக்குவோர் இதைப் பொடிப்பனி என்கிறார்கள்.

இந்தப் பொடியில் சறுக்குவதன் இயல்பு தெரியாமல் லாஷப்பெல்லின் மெய்யியலைப் பிடிக்க முடியாது. உருளை ஓட்டி இறுக்கிய சரிவில் சறுக்குப் பலகையின் விளிம்பு கத்தி போலப் பனியைக் கடிக்கும். திரும்ப நினைத்தால் திரும்பலாம், நிற்க நினைத்தால் நிற்கலாம். பொடிப்பனியில் விளிம்புக்குக் கடிக்க எதுவும் இல்லை. பலகைகள் உள்ளே அமிழ்கின்றன. அமிழும்போது அடியிலுள்ள பனி நசுங்கி மேலே உந்துகிறது. அந்த உந்தல் வரும் கணத்தில் உடம்பைத் திருப்பினால் திருப்பம் தானாக நிகழ்ந்துவிடும். முன்போ பின்போ திருப்பினால் விழ வேண்டியதுதான். இன்னொரு சங்கடமும் உண்டு: வேகம் இருந்தால்தான் பலகை மிதக்கும். பயந்து பின்னால் சாய்ந்து வேகத்தை அடக்குபவர் புதைகிறார். சரிவுக்குத் தன்னைக் கொடுத்துவிடுபவர் மிதக்கிறார். கற்றுக்கொள்ள வருபவரிடம் ‘பயப்படாதே’ என்று சொல்லிப் பயனில்லை. கீழே விழும் திசைக்குள்ளேயே முகத்தை நீட்ட உடம்பு ஒருமுறை துணிந்தாக வேண்டும்.

திருப்பத்தைச் செய்தது யார் என்ற கேள்வி இங்கேதான் முளைக்கிறது. சறுக்கியவர் மட்டும் அல்ல. ஈர்ப்பு விசை, பனியின் பதம், சரிவின் கோணம் எல்லாம் சேர்ந்து செய்த ஒன்று அது. ‘நான் சறுக்குகிறேன்’ என்ற வாக்கியத்தில் எழுவாய் பிழையானது என்பது லாஷப்பெல்லின் வாதத்தின் உயிர்நாடி. சீனத் தாவோ மரபில் இதற்கு ஒத்த கருத்து உண்டு: வலிந்து செய்யாமல் நிகழவிடுவது. அவர் தாய் சி பயிற்சியைத் தொடர்ந்து செய்துவந்ததும், அதைப் பிறருக்குக் கற்பித்ததும் இந்தத் தொடர்பினால்தான்.

இதுவரை இது ஒருவருடைய உள் அனுபவம். பலர் சேர்ந்து சறுக்கும்போது அது வேறாகிறது. தேர்ந்தவர்கள் ஐந்தாறு பேர் ஒரே சரிவில் ஒன்றாக இறங்கினால், முன்னே போகிறவர் கட்டளையிடுவதில்லை, பின்னே வருகிறவர் கணக்குப் போடுவதில்லை. இருந்தும் ஒருவர்மேல் ஒருவர் மோதுவதில்லை. வானில் திரும்பும் பறவைக் கூட்டம் போல, எல்லோரும் ஒரே நிலத்துக்குப் பதில் சொல்வதால் ஒருவருக்கொருவர் இசைந்துவிடுகிறார்கள். தலைமை இல்லாத சமூகத்துக்கு இதை லாஷப்பெல் மாதிரியாகக் காட்டினார். மனிதரை மனிதர் ஒழுங்குபடுத்த வேண்டியதில்லை, நிலம் ஒழுங்குபடுத்தும் என்பது இதன் பொருள். அழகான கருத்து, முழுவதும் நம்பிவிடக் கூடாத கருத்தும்கூட.

இதற்கு அவர் ஜெர்மன் மெய்யியலாளர் மார்ட்டின் ஹைடெகரிடம் சொற்களைத் தேடினார். ஹைடெகர் 1950இல் ஆற்றிய ‘பொருள்’ என்ற உரையில் மண், வானம், தெய்வங்கள், இறக்கும் மனிதர் ஆகிய நான்கும் ஒன்றையொன்று பிரதிபலித்துச் சுழல்வதே உலகம் என்றார். மண்ணை விட்டு மனிதரையோ, மனிதரை விட்டு வானத்தையோ தனியே எடுக்க முடியாது. லாஷப்பெல் இந்த நால்வர் ஆட்டத்தைப் பனி மூடிய சரிவிலேயே கண்டார். ஹைடெகருக்கும் பனிச்சறுக்கு அந்நியமல்ல. கருங்காட்டு மலையில், டோட்னாவ்பெர்க் என்ற இடத்தில், 1922இல் கட்டிய குடிலிலிருந்துதான் அவர் பலவற்றை எழுதினார். 1929இல் டாவோஸ் நகரில் எர்ன்ஸ்ட் காசிரெருடன் நடந்த புகழ்பெற்ற விவாதத்தின்போது, சறுக்கி முடித்த உடையோடே ஆடம்பர விடுதிக்குள் நுழைந்தவர் அவர். ஆனால் அதே ஹைடெகர் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். மண்ணில் வேரூன்றியவர்கள் என்ற பேச்சு, வேரற்றவர்கள் என்று சிலரை ஒதுக்கும் பேச்சாக எவ்வளவு எளிதில் மாறும் என்பதற்கு அவரைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இடத்தைப் புனிதம் என்று சொல்லும் எந்தச் சிந்தனையும் இந்த நிழலைத் தாண்டித்தான் வர வேண்டும்.

ஆழ்சூழலியல் அந்த நிழலைத் தாண்டும் வழி வேறு. அந்தச் சொல்லை 1972, 1973 ஆண்டுகளில் அறிமுகப்படுத்திய நார்வே மெய்யியலாளர் ஆர்னே நேஸும் மலைமனிதர்தான். 1950இல் இந்துகுஷ் மலைத்தொடரின் 7,708 மீட்டர் உயரத் திரிச் மீர் சிகரத்தை முதன்முதலில் ஏறிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். ‘நான்’ அழிய வேண்டியதில்லை, அது விரிய வேண்டும் என்றார் நேஸ். குடும்பம், ஊர், பிற உயிர்கள், ஆறு, மலை என்று அடையாளம் அகன்றுகொண்டே போனால், காட்டைக் காப்பது தியாகமாகத் தோன்றாது. தன் கையைக் காப்பது போல இயல்பாகிவிடும். இந்தக் கருத்துக்கு அவர் காந்தியிடமும் பகவத் கீதையிடமும் கடன்பட்டவர். ஆகவே இதில் எல்லைக் கோடு இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

லாஷப்பெல் நேஸிடமிருந்து விலகும் இடம் ஒன்று உண்டு, அதுவே அவருடைய தனிப் பங்களிப்பு. அடையாளம் விரிவது சிந்தித்து வருவதல்ல, சடங்கு செய்து வருவது என்றார். 1985இல் பில் டெவாலும் ஜார்ஜ் செஷன்ஸும் வெளியிட்ட ‘ஆழ்சூழலியல்’ நூலின் பின்னிணைப்பாக வந்த அவருடைய கட்டுரையின் தலைப்பே சடங்கு இன்றியமையாதது என்பதுதான். மானிடவியலாளர் ராய் ராப்பபோர்ட் 1968இல் நியூ கினியின் செம்பாகா மக்களைப் பற்றி எழுதிய நூல் இப்படிப்பட்ட வாதங்களுக்கு அடித்தளம். அங்கே முன்னோருக்குப் பன்றிகளைப் பலியிடும் திருவிழாச் சுழற்சியே பன்றிகளின் எண்ணிக்கையையும் போர்களையும் நிலப் பயன்பாட்டையும் கட்டுக்குள் வைத்திருந்தது என்று ராப்பபோர்ட் காட்டினார். சட்டம் சொல்லிக் கேட்காத மனிதர் கொட்டு முழக்கத்துக்குக் கட்டுப்படுகிறார்கள். 1976இல் வந்த லாஷப்பெல்லின் ‘புவி விழாக்கள்’ நூல், பருவம் திரும்பும் சூரிய நாட்களைச் சுற்றிக் குழந்தைகளும் பெரியவர்களும் கொண்டாடும் விழாக்களை வகுக்க முயன்றது.

1970களில் அவர் குடியேறிய சில்வர்ட்டன், கொலராடோவின் சான் வான் மலைகளில் 2,800 மீட்டருக்கு மேல் அமைந்த சுரங்க ஊர்; நிலையாக வாழ்பவர்கள் சில நூறு பேர். அங்கே ‘மலை வழி’ என்று பெயரிட்ட மையத்தைத் தொடங்கி, அந்த ஊரிலேயே இறுதிவரை இருந்தார். ‘புவி ஞானம்’ 1978இல் வந்தது. பொடிப்பனி வாழ்க்கையை நேரடியாகச் சொல்லும் ‘ஆழ்ந்த பொடிப்பனி’ 1993இல்.

எதிர்வாதங்கள் வலுவானவை. நிலம், பொழுது, தெய்வம், மக்கள், தொழில், பறை என்று எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் காணும் திணை மரபில் வளர்ந்த வாசகர் முதலில் கேட்கக்கூடியது: இதில் தொழில் எங்கே? தினை விதைத்தவரும் தேன் எடுத்தவரும் மலையைச் சார்ந்திருந்தது வயிற்றுப்பாட்டால். பனிச்சறுக்கோ விளையாட்டு, அதுவும் காசுள்ளவர் விளையாட்டு. வயிறு கட்டாத இடத்தில் புனிதம் எவ்வளவு காலம் தாங்கும்? சடங்கைப் புதிதாக வகுத்துக்கொள்ள முடியுமா என்ற ஐயமும் இதோடு சேர்ந்தது. சடங்கு நம்மை ஆள்வது அதை நாம் தேர்ந்தெடுக்காததால். விரும்பித் தேர்ந்தெடுத்த சடங்கை விரும்பாதபோது விட்டுவிடலாம்.

அடுத்தது வரலாறு. சான் வான் மலைகள் யூட் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். வெள்ளி கிடைத்ததும் 1873இல் செய்த புருனோட் ஒப்பந்தத்தின் வழியாக அது அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்டது. நூறாண்டு கழித்து அதே மலையில் வந்து அமர்ந்தவர்கள், பூர்வகுடி மக்களின் வட்டங்களையும் முரசுகளையும் முன்மாதிரியாகக் கொண்டு இடத்தோடு உறவு பேசுவதில் உள்ள நெருடலை, நல்லெண்ணம் ஒன்றே தீர்த்துவிடாது. லாஷப்பெல் பூர்வகுடி மரபுகளை உண்மையான மதிப்போடு படித்தார் என்பதும் அந்த நெருடலும் ஒருசேர உண்மை.

தொழில் எங்கே, தேர்ந்தெடுக்காத சடங்கு எங்கே என்ற கேள்விகளுக்கு மட்டும் அவர் வாழ்விலேயே ஒரு விடை கிடக்கிறது. அது பரவசத்தில் இல்லை, பனிச்சரிவில் இருக்கிறது.

பனி ஒரே நாளில் விழுவதில்லை, அடுக்கடுக்காக விழுகிறது. அடியிலுள்ள அடுக்கு ஒன்று சர்க்கரை போலப் பிடிப்பற்ற மணிகளாக மாறிவிட்டால், மேலே உள்ள கனத்த அடுக்கு ஒரே பாளமாக உடைந்து நழுவும். பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சரிவுகளில்தான் இது நடக்கும். பொடிப்பனியில் சறுக்க மிக விரும்பப்படும் சரிவுகளும் இவையே. தாங்குவதும் கொல்வதும் ஒரே பனி, ஒரே கோணம். சிக்கிக்கொள்பவர்களில் மிகப் பெரும்பாலானோர்மீது விழும் பாளத்தை உடைத்தவர்கள் அவர்களோ அவர்களுடன் வந்தவர்களோதான். 1960களில் ஒரு பனிச்சரிவு டொலோரஸையே அடித்துச் சென்றது. பலத்த காயத்துடன் பிழைத்தார். எட் 1961இல் வெளியிட்ட பனிச்சரிவுப் பாதுகாப்புக் கையேடு மலையேறிகளின் தலைமுறைகளுக்குப் பாடநூல். குழி தோண்டி அடுக்குகளைத் தடவிப் பார்ப்பது, காற்றின் திசையைக் குறிப்பது, ஆசை உந்தும் நாளில் போகாமல் இருப்பது என்று அங்கே ஒரு நோன்பே உருவாகியிருந்தது. ஆல்ட்டாவில் ஆபத்து மிகும்போது யாரும் கட்டடத்தை விட்டு வெளியேறக் கூடாது, சாலையும் மூடப்படும், வெடிகளால் பனியை உடைத்து இறக்கிய பிறகே கதவு திறக்கும். சடங்காக எவரும் வகுக்காத இந்தச் சடங்கு, விரும்பாத நாளிலும் கட்டுப்படுத்துகிறது.

புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் வானொலிக் கருவியை 1968இல் அமெரிக்கப் பொறியாளர் ஜான் லாட்டன் உருவாக்கினார்; அதற்கு ஸ்காடி என்று பெயர் வைத்தார். ஸ்காடி நார்ஸ் புராணத்தில் சறுக்குப் பலகையும் வில்லுமாக மலையில் திரியும் பெண்தெய்வம். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லூசன் எழுதிய கதையில், அவள் கடல் தெய்வமான நியோர்டை மணக்கிறாள். ஒன்பது இரவு மலையிலும் பிறகு கடற்கரையிலும் வாழ்வது என்று ஏற்பாடு. அவனுக்கு ஓநாய்களின் ஊளை பிடிக்கவில்லை. அவளுக்குக் கடற்பறவைகளின் கூச்சலில் தூக்கம் வரவில்லை. கடைசியில் அவள் மலைக்கே திரும்பிவிடுகிறாள்.

அவள் தனியே மலைக்குத் திரும்பலாம்; ஆனால் அவள் பெயரைத் தாங்கிய கருவியால் யாரும் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. புதைந்தவரின் கருவி ஒலிபரப்பும். அதைக் கேட்டுத் தோண்ட, அதே கருவியோடு இன்னொருவர் பனிக்கு மேலே இருந்தாக வேண்டும். முதல் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்; அரை மணி நேரம் தாண்டினால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. ஊரிலிருந்து மீட்புக் குழு வந்து சேர அந்த நேரம் போதாது. அதனால் ஆபத்தான சரிவைக் கடக்கும்போது ஒவ்வொருவராகக் கடப்பார்கள். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று, போகிறவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்திருப்பார்கள். பறவைக் கூட்டம் போன்ற சறுக்கலுக்கு இது நேர் எதிர்: இங்கே ஒருவர் மட்டும் நகர்கிறார், மற்றவர்கள் அசையாமல் நிற்கிறார்கள். ஆல்ட்டாவின் மலைச் சமூகத்தை ஊராக்கியதில் சேர்ந்து மிதந்த பரவசத்தைவிட இந்தக் காவல் பார்வைக்கே பங்கு அதிகம் எனலாம். ‘நான்’ கரைந்துபோகலாம் என்ற துணிவும், கரைந்தவரைத் தேடித் தோண்ட ஒருவர் இருக்கிறார் என்பதிலிருந்தே வருகிறது.

2002இல் சில்வர்ட்டன் அருகே ஒரே ஒரு கம்பிவட நாற்காலியுடன் சில்வர்ட்டன் மவுன்டன் என்ற சறுக்கு மையம் திறக்கப்பட்டது. இறுக்கிச் சமன்செய்த பாதை எதுவும் அங்கே இல்லை. நாற்காலியில் ஏறும் ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள்கள் இருக்க வேண்டும்: ஒலிபரப்பும் கருவி, பனியைக் குத்திப் பார்க்கும் நீண்ட கோல், மண்வெட்டி. கோலும் மண்வெட்டியும் சுமப்பவருக்குப் பயன்படாதவை; பக்கத்தில் வருபவருக்காகச் சுமக்கப்படுபவை.